பிரிவுதோறும் ஒரு தனியன்

ஒரு வேலையை நாற்பது வரியில் முடித்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பொறாமைதான், வேறென்ன. அதே வேலைக்கு நான் நானூறு வரி எழுதுவேன். எழுதுவதற்கு முன்னால் அரைமணி நேரம் பேசுவேன். பேசும்போது கையில் ஒரு மார்க்கர் பேனா இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வார்த்தை வராது. என்னுடைய இந்தக் குணத்தால் நாசமான வேலைகள் பல. அதில் ஒன்று என்னுடையதுகூட இல்லை, என் மனைவி சுமதியுடையது.

அப்போது நான் துவாக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் நான் 'சீனியர் ஆர்க்கிடெக்ட்'. (ஒன்பது பேரில் ஏழு பேர் சீனியர். மீதி இரண்டு பேர் முதலாளியும் அவர் தம்பியும்.) வீடு திருவெறும்பூரில். சுமதி தினமும் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவாள். அங்கே மாடியில் இருந்த ஓர் அறக்கட்டளையில் அவளுக்குத் தற்காலிக வேலை. பழைய வைணவ வியாக்கியானம் ஒன்றைக் கணினியில் ஏற்றுவது.

தட்டச்சு வேலைதானே என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டு எது, பதவுரை எது, வியாக்கியானம் எது, வியாக்கியானத்துக்குள் வரும் வடமொழி மேற்கோள் எது என்று ஒவ்வொரு துண்டுக்கும் தலையிலும் காலிலும் குறி போட வேண்டும். நூல்களை இப்படிக் குறிப்பதற்கென்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட தரமுறை ஒன்று இருக்கிறது. சுமதி எம்.ஏ. தமிழ். அந்தத் தரமுறையைத் தானே படித்துக் கற்றுக்கொண்டாள். கிரந்த எழுத்தையும் தானே கற்றுக்கொண்டாள். அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர், தாத்தா லால்குடிப் பக்கம் விவசாயி. அந்த மாடியில் கோயில் குடும்பத்தைச் சேராத ஒரே ஆள் அவள்தான். மூன்று வருஷத்தில், சந்தேகம் வந்தால் அவளைக் கேளுங்கள் என்று அங்கிருந்தவர்களே சொல்லும் நிலைக்கு வந்திருந்தாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் அவள் சொல்லும்போது நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறக்கட்டளைச் செயலாளர் கோபாலன் ஸ்வாமி, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். ஒருநாள் அவர் சுமதியிடம், வெளிநாட்டிலிருந்து ஒரு புரவலர் வரப்போகிறார், முதல் பகுதியைத் திரையில் அழகாகக் காட்டி அவருக்குத் திருப்தியானால் பத்து வருஷத்துக்கு வேலை நடக்கும், அவளை நிரந்தரமாக்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சுமதி வீட்டுக்கு வரும்போது அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள். எனக்கு இன்க்ரிமென்ட் வந்த அன்றைக்குக்கூட அவள் இனிப்பு வாங்கியதில்லை.

இப்போது வில்லன் வருகிறான்.

குறி போட்ட கோப்பு எது என்ன என்று மட்டும்தான் சொல்லும், எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லாது. பாட்டு பெரிய எழுத்தா, பதவுரை உள்தள்ளி வருமா என்பதையெல்லாம் தனியாக ஒரு மொழியில் எழுதித் தர வேண்டும். அதற்கு இரண்டு மொழிகள் உண்டு. சி.எஸ்.எஸ். என்பது எளிமையானது, இருப்பதை இருந்த இடத்திலேயே அலங்கரிக்கும். எக்ஸ்.எஸ்.எல்.டி. என்பது பெரிய கை, கோப்பைப் பிரித்துப்போட்டு வேறு வரிசையில் புதிதாகக் கட்டித் தரும். சுமதி முதலாவதில் நாற்பது வரி எழுதியிருந்தாள், கோப்பு அழகாகவே தெரிந்தது. ஆனாலும் கோபாலன் ஸ்வாமி பேங்க்காரர். ஒரு கையெழுத்து அவருக்குப் போதாது.

"உங்காத்துக்காரர் கம்ப்யூட்டர்லதானேம்மா இருக்கார்? ஒருநாள் அழைச்சுண்டு வாயேன், அபிப்ராயம் கேட்டுடலாம்" என்றார்.

போனேன். டை கட்டிக்கொண்டு போனேன். (ஸ்ரீரங்கத்தில், சித்திரை மாத வெயிலில்.) வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், இடதுகால் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. ஐந்து பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுமதி தன் நாற்பது வரியைக் காட்டினாள். பெரியவர்கள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "நன்னாயிருக்கே" என்றார்கள். அங்கேயே கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். காபிகூடக் கொடுத்துவிட்டார்கள்.

வரதன் ஸ்வாமி என்று ஒருவர். கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர், அதாவது சேர்ந்து ஓதுகிறவர், கணீரென்ற குரல். அவர்தான் ஒரு விஷயம் எழுப்பினார். "ஒவ்வொரு பிரிவும் ஆரம்பிக்கறச்சே தனியன் வரணும். இதுல முதல் பக்கத்துல மட்டும்னா இருக்கு?"

தனியன் என்பது நூலைத் தொடங்கும் முன் ஆசாரியரை வணங்கிச் சொல்லும் பாட்டு. அது இல்லாமல் எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். தனியன் சொன்னால் எல்லோரும் எழுந்து நின்று கைகூப்புவது அந்த அறக்கட்டளையின் வழக்கம்.

"இருபத்திநாலு பிரிவு இருக்கு ஸ்வாமி. இருபத்திநாலு இடத்துலயும் நானே சேர்த்துடறேன். ஒரு மத்தியான வேலை" என்றாள் சுமதி.

நான் சிரித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன். மார்க்கர் பேனாவுக்குச் சட்டைப் பையைத் தடவினேன், இருந்தது.

"ஒரே விஷயத்தை இருபத்திநாலு தடவை ஒட்டறது எங்க ஃபீல்டுல பாவம் சார்" என்றேன். பாவம் என்ற சொல்லுக்கு அந்த மாடியில் என்ன எடை என்று எனக்குத் தெரியாது. ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விடுவேனா? "சி.எஸ்.எஸ். பொட்டு வைக்கிற மொழி. சின்னப் பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குப் போடறது. இவ ஆசையா ஏதோ பண்ணியிருக்கா, தப்பில்ல. ஆனா இவ்வளவு பெரிய கிரந்தத்துக்கு எக்ஸ்.எஸ்.எல்.டி.தான். தனியன் ஒரு இடத்துல இருந்தா போதும், எங்கெங்க வேணுமோ அங்கெல்லாம் தானா வந்து நிக்கும். பதினஞ்சே நாள், முடிச்சுத் தரேன்."

இருபது நிமிடம் பேசினேன். அதில் 'இவ ஆசையா ஏதோ பண்ணியிருக்கா' என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற?"

"அதான் நீங்க பேசிட்டீங்களே" என்றாள்.

பதினைந்து நாள் இரண்டு மாதமானது. அந்த மொழியில் எனக்கு அதுவரை தெரிந்திருந்தது அதன் பெயர் மட்டும்தான். (கம்பெனியில் நாங்கள் செய்துகொண்டிருந்தது அரிசி ஆலைகளுக்கான பில் போடும் மென்பொருள்.) எப்படியோ எழுதினேன். நானே ஒரு பக்கம் மாதிரிக் கோப்பு தயார் செய்து, அதில் ஓடவிட்டுப் பார்த்தேன், ஓடியது. அவளுடைய அசல் கோப்பில் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. குறிகளைப் பற்றி அவள் எட்டுப் பக்கம் குறிப்பு எழுதித் தந்திருந்தாள், அதையும் படிக்கவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

"பிரிவுக்குள்ள பிரிவு வருதுங்க. பெரிய பிரிவு, அதுக்குள்ள பாட்டு, பாட்டுக்குள்ள மூலம், பதவுரை, வியாக்கியானம். எல்லாத்துக்கும் ஒரே குறிதான், வகைப்பேர் மட்டும்தான் வேற. பார்த்து எழுதுங்க."

"எனக்கே சொல்லித் தரியா?" என்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, கணினியைத் தயார் செய்ய நான் மட்டும் ஸ்ரீரங்கம் போனேன். என் நிரலை ஏற்றினேன். தனியன் தானாக வந்து நிற்பதற்கான வரியைக் கடைசியாகச் சேர்த்தேன். பிரிவு என்ற குறி எங்கே வந்தாலும் அதன் தலையில் தனியனை வை. இவ்வளவுதான், ஒரே வரி. நாற்பது வரி எழுதியவளுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்ட பெருமையோடு எழுந்திருக்கப் போனபோது, அதே ஃபோல்டரில் அவளுடைய அலங்காரக் கோப்பு இருப்பதைப் பார்த்தேன்.

இனி எழுதப்போவது இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அந்தக் கோப்பை அழித்தேன். குப்பைத்தொட்டியில் கிடந்ததையும் காலி செய்தேன். குழப்பம் வரக்கூடாது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. விழாவில் யாராவது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, சுமதியுடையதே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். ஏனென்றால் அவளுடையதுதான் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்தில் விழா. சுமதி அரக்குக் கலரில் புதுப் புடவை. அவள் அம்மா, அண்ணன் ரவி, அண்ணி, எங்கள் மகள் கயல் எல்லோரும் திருவெறும்பூரிலிருந்து வேன் வைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் புரவலரும் அவர் மனைவியும். புரவலருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பதினோரு மணிக்கு அவர்கள் ஏர்போர்ட் கிளம்ப வேண்டும்.

ஏற்பாடு என்னவென்றால், திரையில் வருவதை வரதன் ஸ்வாமி வாசிப்பார், நான் பொத்தானை அழுத்தி அடுத்ததைக் கொண்டுவருவேன். அழுத்தினேன். பெரிய திரையில் தனியன் எழுந்தது. என் கண்ணே கலங்கிவிட்டது. வரதன் ஸ்வாமி கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். மண்டபம் முழுவதும் எழுந்து கைகூப்பியது. புரவலர் நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார். தனியன் முடிந்தது. உட்கார்ந்தார்கள்.

அடுத்த பொத்தான். மறுபடி தனியன்.

வரதன் ஸ்வாமி ஒரு நொடி திரையைப் பார்த்தார். தனியன் என்று வந்துவிட்டால் சேவிக்காமல் இருக்கலாமா? கண்ணை மூடினார், தொடங்கினார். மண்டபம் எழுந்தது. புரவலர் எழுந்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "விசேஷ நாளோல்லியோ, ரெண்டு தரம்" என்று விளக்கம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

மூன்றாவது பொத்தான். மறுபடியும் தனியன். பெரிய பிரிவுக்கு ஒன்று, அதற்குள் இருந்த பாட்டுக்கு ஒன்று, பாட்டுக்குள் இருந்த மூலத்துக்கு ஒன்று. பிரிவுக்குள் பிரிவு. பைக்கில் பின்னாலிருந்து கேட்ட அந்தக் குரல் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலாவதாக ஒருவழியாகப் பாட்டின் மூல வரிகள் வந்தன. மண்டபமே மூச்சு விட்டது. அடுத்தது பதவுரை. அதற்கு ஒரு தனியன். அடுத்தது வியாக்கியானம். அதற்கும். அவசரமாகப் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை, ஏனென்றால் வரதன் ஸ்வாமிக்குத் திரையே தேவையில்லை. முதல் சொல் கண்ணில் பட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் திறப்பார். நான் கிட்டே போய், "ஸ்வாமி, இதை விட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன். கோபாலன் ஸ்வாமி என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தனியனைப் பாதியில நிறுத்தப்படாது ஓய்!"

நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. எழுவதும் உட்காருவதுமாக மண்டபம் பள்ளிக்கூட டிரில் மாஸ்டரிடம் மாட்டிக்கொண்ட வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. சில பேர் உட்காருவதை நிறுத்திவிட்டு, எதற்கு வம்பு என்று கைகூப்பியபடியே நின்றுவிட்டார்கள். பின்வரிசையில் என் மைத்துனன் ரவி கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தான். ஏழு வயதுக் கயல் மட்டும் ஒவ்வொரு முறையும் உற்சாகமாகக் குதித்து எழுந்தாள். பத்தோ பதினொன்றோ இருக்கும், புரவலர் எழவில்லை. உட்கார்ந்தபடியே கைகூப்பிவிட்டு, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

கோபாலன் ஸ்வாமி ஒரு தனியன் முடிந்த இடைவெளியில் மைக்கைப் பிடுங்கினார். "சின்ன தொழில்நுட்பக் கோளாறு. சுமதி, நீ முன்னாடி பண்ணின மாதிரி இருக்கே, அதைப் போடும்மா."

அதைப் போட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். சுமதி வேகமாக வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை, வேலை செய்யப்போகிறவளின் முகம்தான் இருந்தது. ஃபோல்டரைத் திறந்தாள். தேடினாள். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள். வேறு வழியில்லாமல் கோப்பை அப்படியே திறந்தாள். அலங்காரம் ஏதும் இல்லாமல், பாட்டும் பதவுரையும் வியாக்கியானமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரை முழுக்க ஒரே எழுத்துக் குவியலாக வந்து விழுந்தன. மூன்று வருஷ வேலை அது. பார்த்தால் சந்தை முடிந்த இடம் மாதிரி இருந்தது.

என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"குழப்பம் வரக்கூடாதுன்னுதான்..." என்றேன்.

அவளிடம் இன்னொரு நகல் இருந்தது, திருவெறும்பூரில், வீட்டுக் கணினியில். வேனில் போனாலும் போய் வர ஒன்றரை மணி நேரம். புரவலர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார், இந்த முறை தனியனுக்காக அல்ல.

"என்னம்மா ஆச்சு?" என்று கோபாலன் ஸ்வாமி சத்தமாகவே கேட்டார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

சுமதி சொன்னாள், "என் கைதவறுதலா அழிஞ்சு போயிடுச்சு ஸ்வாமி. மன்னிச்சுக்குங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. இல்லை, அழித்தது நான் என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். இருபது நிமிடம் விடாமல் பேசுகிற ஆள் நான், அந்த மூன்று சொற்கள் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டை வேறு கட்டியிருந்தேன்.

புரவலர் வேறோர் ஊரில் வேறொரு நூலுக்கு உதவப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். கோபாலன் ஸ்வாமி சுமதியிடம் மரியாதையாகத்தான் சொன்னாராம். "உன் மேல வருத்தமில்லேம்மா. ஆனா மூணு வருஷக் கார்யத்துல ஜாக்கிரதை வேண்டாமா, கமிட்டில கேக்கறாளே." அந்த மாத முடிவோடு வேலை போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான் இரண்டு முறை ஸ்ரீரங்கம் போனேன். முதல் முறை அவர் வீட்டில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், திருமண் இட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கோயிலில் கூட்டம் எப்படி என்று விசாரித்தேன். பரவாயில்லை என்றார். வாழைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுமதி இப்போது துவாக்குடியில் ஒரு பிரிண்டிங் கடையில் இருக்கிறாள். இன்ஜினியரிங் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒழுங்குபண்ணித் தருகிறாள். "பார்டர் இன்னும் கொஞ்சம் தடியா போடுங்க மேடம்" என்று பையன்கள் கேட்பார்கள், போட்டுத் தருவாள். கிரந்த எழுத்து மறந்துவிட்டது என்கிறாள். நான் நம்பவில்லை, ஆனால் கேட்கவும் தைரியமில்லை.

குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு ஜோக். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது தனியன் கூத்து மட்டும்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் தொண்டையைச் செருமினால் போதும், ரவி எழுந்து நின்று கைகூப்புவான். உடனே மொத்தக் கூட்டமும் எழுந்து கைகூப்பும். டைல்ஸ் எது வாங்கலாம், எந்த காலேஜில் சேர்க்கலாம், எதைப் பற்றியும் என்னால் ஒரு வாக்கியம் முடிக்க முடிந்ததில்லை. கயல் தன் சிநேகிதிகளுக்குக்கூட இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். நானும் சிரிப்பேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

போன மாதம் ரவி மகளின் நிச்சயதார்த்தம். பந்தியில் புது மாப்பிள்ளையிடம் கார் லோன் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவுதான், இலைக்கு முன்னால் இருந்தவர்கள் பாதிப் பேர் சோற்றுக் கையைக் கூப்பிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மிரண்டு போனார்கள். ரவி நடித்துக் காட்டியே கதையைச் சொன்னான், வரதன் ஸ்வாமி மாதிரிக் கண்ணை மூடினான், புரவலர் மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பந்தி முழுக்க ஒரே சிரிப்பு.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரிமாறிக்கொண்டு வந்த சுமதியிடம் கேட்டார். "அப்புறம் ஏங்க அந்த வேலையை விட்டுட்டீங்க? நல்ல வேலையாச்சே."

"நான் விடலைங்க. அங்க ஒரு ஃபைல் என் கைதவறுதலா அழிஞ்சு போச்சு" என்றாள் சுமதி. "உங்களுக்கு ரசம் ஊத்தட்டுங்களா?"

அந்த அம்மாள் ஐயோ பாவம் என்றார். ரவி என் தோளைத் தட்டி, "ஆக மொத்தம் அன்னிக்கு ரெண்டு பேருமே சொதப்பியிருக்கீங்க மச்சான்" என்றான். மறுபடி சிரிப்பு. சுமதி என் இலைக்கு வந்து நின்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரசம் போதும் என்று கையை மட்டும் காட்டினேன்.